ரப்பர் பால் பூசிய சுவர்

ஒரு மனிதரை வெறுப்பதுபோல் ஒரு சுவரையும் வெறுக்க முடியும் என்று, அந்த வீட்டுக்குக் குடிபோகும்வரை எனக்குத் தெரியாது. அதன் வடகிழக்குச் சுவரை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் ஒரு நாற்றம் ஏறுகிறது. வயதான காலத்தில் யார்மேலும் பகை வைக்காதீர்கள் என்று எங்கள் கோயில் பாதர் ஞாயிறுதோறும் சொல்கிறார். அது சுவருக்கும் சேர்த்தா என்று நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டை வாங்கினோம். மாத்தளை டவுனிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் ரோட்டில், பஸ் மூச்சுவாங்கித் திரும்பும் ஒரு வளைவுக்கு மேலே இருந்தது. என் வீட்டுக்காரர் தபால் கந்தோரில் கிளார்க். நான் டவுன் பாடசாலையில் சின்ன வகுப்பு டீச்சர். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரே மகள். அதுவரை ஒரு பலசரக்குக் கடையின் மாடி அறையில் கருவாட்டு மணத்தில் குடியிருந்தவர்களுக்கு, சொந்த வீடு என்ற வார்த்தையே தலைக்கு ஏறிவிட்டது. கொக்கோ தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் யாரோ கட்டிய வீடு அது. கருங்கல் அத்திவாரம், அதன்மேல் கல்லும் களிமண்ணுமாக ஒரு முழத் தடிப்பில் சுவர், மேலே சுண்ணாம்பு, கூரைக்குத் தகரம். நாங்கள் பார்க்கப் போனது ஆகஸ்ட் மாதம். நல்ல வெயில். விற்கிறவர்கள் புதிதாக வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். பளிச்சென்று இருக்கிறதே என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

ஒக்டோபரில் மழை பிடித்தது. முதல் வாரத்திலேயே அந்தப் பளிச்சென்ற வெள்ளை, ஆறிய பாலின் ஆடைபோல் சுருண்டு கீழே விழுந்தது. அதற்குக் கீழே இருந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பச்சைப் பாசி, அதற்குக் கீழே கறுப்புப் பாசி, அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை, மறுபடி பாசி. இத்தனை வருடமும் அந்த வீட்டில் இருந்தவர்கள் நத்தார் பண்டிகைதோறும் பாசியின்மேலேயே வெள்ளையடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அழுக்குச் சட்டைக்கு மேல் புதுச் சட்டை போடும் ஜாதி. ஓடில்லாத நத்தைகள் விரல் நீளத்துக்கு, ஈரம் மினுங்க, சுவரில் மேலும் கீழும் போய்வந்தன. மழைக்காற்று நேராக அந்தப் பக்கம்தான் அடித்தது. கூரை ஓரத்தில் தண்ணீரை ஏந்தும் பீலி இல்லாததால் தகரத்துத் தண்ணீர் முழுவதும் சுவரின் காலடியில் கொட்டித் திரும்பவும் சுவர்மேலேயே தெறித்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் நாங்கள் படுக்கும் அறை. மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இலேசாக இழுப்பு இருந்தது. மாடி அறையில் வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வரும். இங்கே வந்தபின் வாரத்துக்கு வாரம் வந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்க, அவள் கட்டிலில் குந்திக்கொண்டு மூச்சுக்காகப் போராடுவதைப் பார்த்தால் சோறு இறங்காது. டவுன் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பாசி பிடித்த சுவருக்குப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்க வைக்கிறீர்களா என்று கேட்டார். ஒன்று, சுவர் காய வேண்டும். இல்லையென்றால் பிள்ளை காய்ந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றார்.

காய்ந்த இடம் தயாராகவே இருந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா நாவுலவில் இருந்தார். வெங்காயமும் செத்தல் மிளகாயும் வாங்கி விற்கும் கடை அவர்களுக்கு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. செய்தி கேட்டதும் மதினி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"புள்ளைய எங்கிட்ட விட்டுடு. எங்க பக்கம் இம்புட்டு ஈரம் இல்ல. மழை முடியட்டும், வந்து கூட்டிக்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதனாலேயே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதற்கு முந்திய வருட விடுமுறையில் மகள் நாவுலவில் இரண்டு கிழமை இருந்துவிட்டுத் திரும்பும்போது, அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அழுதாள். அதை நான் மறக்கவில்லை. மழைக்கு விடும் பிள்ளை மழை முடிந்ததும் என்னிடம் வருவாளா, வந்தாலும் மனம் வருமா என்ற பயம் எனக்கு. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால், எங்கள் வீட்டை நாங்கள் திருத்திக்கொள்வோம் மதினி என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கீழ் வளைவில் ஒரு சிங்கள மேசன் பாஸ் இருந்தார். நாற்பது வருடம் கொத்து வேலை செய்தவர். அவர் வந்து சுவரை விரல் முட்டியால் தட்டினார், ஒரு ஆணியைக் குத்தி இழுத்து முகர்ந்து பார்த்தார். சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: இப்போதைக்குக் கூரைத் தண்ணீரைத் தள்ளி விடுங்கள், சுவரடியில் தண்ணீர் ஓடக் கான் வெட்டுங்கள், வெயில் வந்ததும் சுரண்டிப் போட்டுக் காயவிடுங்கள், பிறகு சுண்ணாம்பு. அதற்கு முன்னால் சுவரில் கை வைக்க வேண்டாம்.

"வெயில் வர்றதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு" என்றேன் நான், அவர் போனபிறகு.

"பாஸ் சொல்றது சரிதானே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்கு யாரு சொன்னாலும் சரிதான். நாமளே செய்வோம். எம் புள்ள எங்கயும் போகாது."

முத்திரை குத்திப் பழகிய கை அவருடையது. சாந்தகப்பை பிடித்ததே இல்லை. ஆனால் நான் ஒன்று சொன்னால் மறுக்கத் தெரியாத மனிதர். அந்தக் குணத்துக்காக அவரைக் கட்டிக்கொண்டேன், பிற்பாடு அதே குணத்துக்காக அவரைத் திட்டித் தீர்த்தேன்.

சிமெந்து கடைகளில் கிடைக்காத காலம் அது. கிடைத்திருந்தால் அதைப் பூசிக் கெடுத்திருப்போம். கிடைக்காததால் வேறு விதமாகக் கெடுத்தோம். யோசனை என்னுடையதுதான், யார்மேலும் பழி போடப் போவதில்லை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நான் ரப்பர் பால் மணத்தில் வளர்ந்தவள். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் கோணிச் சாக்கை விரித்து, ரப்பர் பாலை மூன்று நான்கு தடவை தடவிக் காயவைத்து, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வார்கள். எந்த மழையும் அதைத் தாண்டாது. ஓட்டை வாளிக்கும் அதுதான், பிய்ந்த சப்பாத்துக்கும் அதுதான், வெடித்த குதிகாலுக்கும் அதுதான். எங்கள் ஆட்களைக் கேட்டால் ரப்பர் பாலால் ஆகாத காரியம் உலகத்தில் இல்லை. சாக்குக்கு ஆகும் என்றால் சுவருக்கு ஏன் ஆகாது?

என் அண்ணன் அதே தோட்டத்தில் ரப்பர் ஸ்டோரில் இருந்தான். உறையாமல் இருக்க மருந்து கலந்து, ஐந்து பெரிய தகர டின்களில் பாலை லொறியில் அனுப்பி வைத்தான். மூடியைத் திறந்ததும் கண்ணைக் குத்தும் ஒரு நெடி. நவம்பரில் நான்கு நாள் மழை விட்டது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் லீவு போட்டோம்.

முதலில் சுரண்ட வேண்டும். மண்வெட்டித் தகடால் நான் கீழே, ஏணியில் ஏறி அவர் மேலே. பாசி பச்சைக் கூழாக முழங்கைவரை வழிந்தது. மரவட்டைகள் சுருண்டு சுருண்டு என் தலையில் விழுந்தன. ஒரு கல் இடுக்கில் தகட்டைச் செருகி இழுத்தபோது, எலிக்கூடு ஒன்று குட்டிகளோடு வந்து என் கால்மேல் கொட்டியது. ரோமம் முளைக்காத குட்டிகள். நான் போட்ட சத்தத்தில் அவர் ஏணியிலிருந்து பாதி இறங்கிவிட்டார்.

"டீச்சரம்மா, வகுப்புல புள்ளைங்கள அதட்டுற மாதிரி அதட்டிப் பாருங்களேன், ஓடிப் போயிடும்" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகட்டை அவர் பக்கம் வீசினேன். நல்லவேளை, படவில்லை.

பிறகு தென்னந்தும்புக் கட்டைத் தோய்த்துத் தோய்த்துப் பாலைப் பூசினோம். ஒரு பூச்சு காய்ந்து மஞ்சளாகும், அதன்மேல் இன்னொன்று. நான்கு பூச்சு. கையில் ஒட்டியது தோலோடுதான் வந்தது. ஐந்தாம் நாள் மழை வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் கோழிக்கூட்டின் பக்கம் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தோம். சேம்பிலையில் உருளுவதுபோல் தண்ணீர் உருண்டு ஓடியது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அவர் என் தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே உட்கார்ந்து நாவுலவுக்குக் கடிதம் எழுதினேன். சுவர் காய்ந்துவிட்டது, பிள்ளையை அனுப்பத் தேவையில்லை, உங்கள் அன்புக்கு நன்றி என்று. அந்த 'நன்றி' என்ற சொல்லை எழுதும்போது எனக்கு இருந்த திருப்தியை நினைத்தால், போய் அந்தக் கையைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒரு கிழமைதான் ஆயிருக்கும். நாற்றம் தொடங்கியது. பச்சை ரப்பர் ஈரத்தில் அழுகினால் என்ன நாற்றம் என்று ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். புளித்த பாலும் செத்த மாடும் சேர்ந்த நாற்றம். ஈக்கள் வந்தன. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண், பாக்கு வியாபாரியின் மனைவி, மிகவும் மரியாதையான மனுஷி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், கொற நெனைக்காதீங்க. ஒங்கட பக்கம் ஏதும் மௌத்தாகிக் கெடக்கா?"

ஒன்றும் செத்துக் கிடக்கவில்லை, சுவருக்கு மருந்து பூசியிருக்கிறோம் என்றேன். மருந்தா என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

கூரை ஓரத்தில் அந்த ரப்பர்த் தோலுக்குப் பின்னால் எப்படியோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. போக வழியில்லாமல் அங்கங்கே தங்கி, சுவருக்கு வயிறு வயிறாகப் போட்டது. என் வீட்டுக்காரர் ஒரு வயிற்றை ஊசியால் குத்திப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்திலேயே அடித்தது. அவர் கிணற்றடிக்கு ஓடினார். அன்று முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

இதெல்லாம் வெளியில். உள்ளே நடந்ததை முதலில் பார்த்தவள் நான். ஒருநாள் கட்டிலை இழுத்துக் கூட்டும்போது சுவரில் கை பட்டது. சுவர் வேர்த்திருந்தது. ஒரு முழச் சுவர் இத்தனை மழைக்காலமாகக் குடித்து வைத்திருந்த தண்ணீர், வெளியே போக முடியாமல், நாங்கள் படுக்கும் பக்கமாக வந்துகொண்டிருந்தது. மூலையில் கறுப்புப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் பிடித்திருந்தது. பார்த்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. பால் வெட்டிவிட்டு வருகிறவர்கள் அந்த ரப்பர்ச் சாக்கைக் கழற்றும்போது, உள்ளே சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும். மழையில் நனைந்தது இல்லை, அவர்களுடைய வேர்வையே வெளியேற வழியில்லாமல் நின்றது. சின்ன வயதில் தினமும் கண்ணால் பார்த்த விஷயம்.

பார்த்ததும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நாவுலவுக்குப் போன கடிதம் குறுக்கே நின்றது. பழைய துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தேன், வாளியில் பிழிந்தேன். காலையில் அவர் கந்தோருக்குப் போனதும், மாலையில் அவர் வருமுன்னும் துடைத்தேன். பூஞ்சணத்தை மறைக்க அலுமாரியை நகர்த்தினேன். மகள் இருமினால் தடிமன், வெறும் சளி என்றேன். ஆறு நாள் இப்படிச் செய்தேன். நத்தைகளும் எலிக்குட்டிகளும் அழுகிய ரப்பரும் எனக்குத் தந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமில்லை. அந்த ஆறு நாள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாளே ஒருத்தி, அவளை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

ஏழாம் நாள் ஒரு சனிக்கிழமை. காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னல் பாதியில் அவள் தலை ஆடத் தொடங்கியது. திருப்பிப் பார்த்தால் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. நகங்கள் நீலமாக இருந்தன. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டில் இறங்கி ஓடினார், நான் பின்னால் ஓடினேன். ஒரு மரக்கறி லொறிக்காரன் நிறுத்தி ஏற்றிக்கொண்டான். மாத்தளை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, மத்தியானம் அளவில் இழுப்பு இறங்கியது. பிள்ளையின் தலையணையைச் சரிசெய்ய வந்த நேர்ஸ் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்து முகத்தைச் சுளித்தாள்.

"இந்தப் புள்ள எங்க படுக்குது?" என்று கேட்டாள்.

என் பிள்ளையின் தலைமயிரில் அந்த நாற்றம் ஏறியிருந்தது. தினமும் நான்தான் எண்ணெய் வைத்துச் சீவினேன். எனக்குத் தெரியவில்லை. என் மூக்கு அதற்குப் பழகிப்போயிருந்தது.

அவளை வீட்டுக்குக் கூட்டிவரும் நாளுக்கு முந்திய நாள் தபால் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் அவர்தான் இருந்தார். எல்லாரையும்போல் வரிசையில் நின்று அவர் முன்னால் வந்தேன்.

"அக்காவுக்குத் தந்தி அடிங்க" என்றேன்.

"என்னன்னு?"

"வந்து புள்ளைய கூட்டிட்டுப் போகச் சொல்லி."

அவர் தாளை எடுத்தார், பேனையை மையில் தோய்த்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் நின்றவர் இருமினார். ஆறு நாள் துடைத்த கதையை அன்று அந்தக் கவுண்டரில் வைத்துத்தான் அவரிடம் சொன்னேன், நான்கே வார்த்தையில். கேட்டுக்கொண்டே எழுதி முடித்தார்.

மதினி மறுநாளே வந்தார். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மகளின் உடுப்புகளையெல்லாம் வெந்நீரில் அலசி, காயாமலே சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பஸ் ஜன்னலிலிருந்து மகள் கை காட்டினாள். அழவில்லை.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தோலை உரித்தோம். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. பாய் பாயாக உரிந்து வந்தது, வரும்போது சுண்ணாம்பையும் களிமண்ணையும் கவ்விக்கொண்டு வந்தது. பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார். ஒரு தடவையாவது "உன்னாலதான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உரித்ததைக் குழி வெட்டிப் புதைத்தோம், எரித்தால் ஊரே எழுந்து வரும் என்பதால்.

அதன்பின் பாஸ் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்தோம். தகரத்தை மடித்து என் வீட்டுக்காரரே பீலி அடித்தார். கோணல் பீலிதான், ஆனால் தண்ணீரைத் தள்ளி விட்டது. சுவரடியில் முழங்கால் ஆழத்துக்குக் கான் வெட்டினேன். மழை விட்டு, தை மாத வெயில் முழுவதையும் அந்த மொட்டைச் சுவர் வாங்கியது. சூளையிலிருந்து கட்டிச் சுண்ணாம்பு வாங்கி நீற்றி, மணலோடு குழைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு கை பூசி, அதன்மேல் வெள்ளையடித்தோம். பாஸ் தானாகவே ஏறி வந்து விரலால் தட்டிப் பார்த்தார். "ஹொந்தாய்" என்றார். நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். அறைக்குள்ளே என் கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தேன், பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். என் மூக்கை நான் நம்பவில்லை. ஒண்டும் இல்ல டீச்சர், சுண்ணாம்பு வாடைதான் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிவர நாவுலவுக்குப் போனோம். பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று பேசிக்கொண்டே போனேன்.

கடையின் வாசலில் மகளின் பை தயாராக இருந்தது. உடுப்புகளை மடித்து, மேலே புதிதாக ஒரு சட்டையும் தைத்து வைத்திருந்தார் மதினி. அவர் கண் சிவந்திருந்தது. மகள் எங்கே என்று கேட்டேன். கையைக் காட்டினார். கடைக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயல். அங்கே ஒரு ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு மகள் ஓடினாள். வரப்பு ஏறி, இறங்கி, அடுத்த வரப்பு ஏறி. ஓடிக்கொண்டே கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள். நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஓட்டமும் சத்தமும் சேர்ந்தாற்போல் அவளிடமிருந்து வந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் ஒன்று ஓடுவாள், அல்லது பேசுவாள்.

"மூணு மணி பஸ்ஸுக்குப் போகணும்" என்றார் என் வீட்டுக்காரர். "கூப்பிடு."

சித்திரையில் மழை திரும்பும். ஒக்டோபரில் மறுபடி பிடிக்கும். சுவரைக் காய வைத்தாயிற்று. எல்கடுவைப் பக்கத்திலிருந்து மாலைக்கு மாலை இறங்கும் பனியை எதைப் பூசித் தடுப்பது?

"மதினி, அவள இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடுங்க" என்றேன். சொன்னது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "நாங்க லீவுக்கு லீவு வர்றோம்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு வயலைப் பார்த்தார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் வளைவில் இறங்கி மேலே ஏறியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வீட்டைச் சுற்றிப் போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். வெள்ளை வெளேரென்று, ஒரு கறை இல்லாமல், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் நின்றது. வாய் நிறைய எச்சிலைக் கூட்டி அதன்மேல் காறித் துப்பினேன். நன்றாகக் காய்ந்த சுவர். கண் முன்னாலேயே உறிஞ்சிக்கொண்டது.